அடுப்படியில் ஆயில் டப்பா

"கார் நாறுது, மலாக்கி. மீன் வறுத்த சட்டி மாதிரி நாறுது."

வீட்டு எஜமானி மிஸஸ் பெல்டன் இதை என் சமையலறையில் நின்றுகொண்டு சொன்னாள். அந்த அம்மாள் சமையலறைக்குள் கால் வைப்பதே அபூர்வம். கோழியின் வயிற்றைக் கீறி மசாலா திணித்துக்கொண்டிருந்த நான் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றேன். அந்த அம்மாள் என்னைப் பார்க்கவேயில்லை. டிரைவர் மலாக்கி டீக்கோப்பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் மறைத்துப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"என் ஃபர் கோட்டெல்லாம் அந்த வாடைதான். கோயில்ல பின்வரிசையில இருக்கறவ மூக்கைப் பொத்திக்கிட்டா. புதுக் கார் வாங்கினது இதுக்கா?"

"பாக்கறேம்மா."

"பாக்காதே. சரிபண்ணு. ஞாயித்துக்கிழமைக்குள்ள வாடை போகலைன்னா, போக்கத் தெரிஞ்ச ஆளை நான் தேடிக்கறேன்."

வந்த வேகத்தில் போய்விட்டாள். மலாக்கி உட்கார்ந்தான். முகத்தில் ரத்தமில்லை.

மலாக்கி எங்கள் ஊர்க்காரன்தான். கடல் தாண்டி வந்து இந்த பஃபலோ நகரத்தில் வண்டியோட்டக் கற்றுக்கொண்டவன். நான் அந்த வீட்டில் சமையல்காரியாக அடுப்பு ஊத வந்து வருஷங்கள் ஆகியிருந்தன. அவனை வேலைக்குச் சேர்த்துவிட்டதே நான்தான். தோட்டத்துக்குப் பின்னால் கராஜ், அதன்மேல் முன்பு குதிரைக்கு வைக்கோல் போட்டுவைத்த இரண்டு அறைகள். அங்கேதான் அவனும் டெலியாவும் மூன்று வயசு ஊனாவும் குடியிருந்தார்கள். டெலியா அப்போது மறுபடி மாசமாக இருந்தாள். வேலை போனால் அந்த அறைகளும் போகும். இங்கே வருவதற்கு முந்தின குளிர்காலத்தை அவர்கள் துறைமுகத்துப் பக்கம் ஒரு நிலவறையில் கழித்திருந்தார்கள். சுவரில் தண்ணீர் வழியும். ஊனாவுக்கு நெஞ்சுச்சளி பிடித்தது அங்கேதான். டாக்டர் பார்த்துவிட்டு, இன்னொரு குளிர்காலம் இப்படி ஒரு இடத்தில் இருந்தால் பிள்ளை தங்காது என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டுப் போனார். அதனால்தான் மலாக்கி அந்த அம்மாள் நில் என்றால் நிற்பான், உட்கார் என்றால் உட்காருவான். அவனைக் கோழை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அவரவர் வீட்டில் பிள்ளை இருமுகிற சத்தம் அவரவருக்குத்தானே கேட்கும்.

"என்ன வாடைடா அது, தம்பி?" என்றேன்.

"இன்ஜின் மூச்சு விடுதுக்கா. உள்ள பெட்ரோல் எரியுதுல்ல? அந்தப் புகையில கொஞ்சம் பிஸ்டன் ஓரமா கசிஞ்சு, கீழ ஆயில் கிடக்கற சட்டிக்குள்ள இறங்கிடும். அது வெளிய போக ஒரு குழாய் வெச்சிருக்கான். ஆயில் ஊத்தறதும் அதுலதான், மூச்சு விடறதும் அதுலதான்."

"வாயும் மூக்கும் ஒண்ணா? நல்லா படைச்சான் போ."

"பழைய வண்டி திறந்த வண்டி. எத்தனை மூச்சு விட்டாலும் காத்து வாரிட்டுப் போயிடும். இதுல மேல கூரை, நாலு பக்கம் கண்ணாடி, பூ வைக்க வெள்ளியில ஒரு குப்பி வேற. எல்லா வாடையும் காலடிப் பலகை இடுக்கு வழியா மேல ஏறி அந்தம்மா பாவாடைக்குள்ள போகுது."

"அதைப் போய்ச் சொல்லேன்."

"என்னன்னு? உங்க பாவாடைக்குள்ள போகுதுன்னா?"

சிரித்துவிட்டேன். அவன் சிரிக்கவில்லை.

சனிக்கிழமை பூராவும் வண்டிக்கடியில் கிடந்தான். பலகை இடுக்குகளில் கம்பளித் துணியை ஒட்டிப் பார்த்தான். அதற்கும் வாடை அடங்கவில்லை. கடைசியில் டெலியாவின் பழைய தொப்பி ஒன்றைக் கத்தரித்துச் சுருட்டி, மூச்சுக்குழாயின் மூடிக்குள் திணித்து, மேலே தோலை வைத்துக் கட்டிவிட்டான். ஆயில் ஊற்றும்போது மட்டும் மூடியைக் கழற்றுவான். ஞாயிற்றுக்கிழமை கோயிலிலிருந்து திரும்பிய மிஸஸ் பெல்டன் ஒன்றும் சொல்லவில்லை. அந்த வீட்டில் ஒன்றும் சொல்லாமலிருப்பதுதான் பாராட்டு.

பிறகு ஏரிப் பக்கமிருந்து குளிர் வந்தது. வருஷா வருஷம் வருவதுதான், ஆனால் அந்தத் தடவை கொல்லைப்புறக் குழாயடியில் வாளி வைத்தால் கைப்பிடியோடு உறைந்து நின்றது. பனி மூடிய தோட்டத்தில் சமையலறையிலிருந்து கராஜுக்குப் போகும் பாதையை நானும் டெலியாவும் தினமும் வாரித் தள்ளுவோம். மத்தியானம் பார்த்தால் பாதை இருந்த சுவடே இருக்காது. கராஜுக்குள் குளிர்காய்கிற கணப்பு அடுப்பு கிடையாது. பெட்ரோல் இருக்கிற இடத்தில் நெருப்பு ஆகாது என்று வீட்டுக்காரர்கள் வைக்கவில்லை. அந்தக் குளிரில் ஆயில் பன்றிக்கொழுப்பு மாதிரி இறுகிவிடும். அதை வைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினால் உள்ளே ஆயில் ஏறாமல் இரும்பும் இரும்பும் உரசிச் சாகும். ஆகவே எங்கள் தெரு டிரைவர்கள் எல்லோரும் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். சாயங்காலம் வண்டி வந்து நின்றதும் சூடு ஆறுவதற்குள் ஆயிலை மொத்தமாக ஒரு டப்பாவில் இறக்கி, மாடிக்குக் கொண்டுபோய், அடுப்புக்குப் பின்னால் பலகையில் வைத்துவிடுவார்கள். காலையில் வெதுவெதுப்பாக எடுத்து வண்டியில் ஊற்றுவார்கள். டிரைவர் பெண்டாட்டிகளின் அடுப்படிக்குப் போனால் உருளைக்கிழங்குப் பானையும் ஆயில் டப்பாவும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

மலாக்கி டப்பாவின் உட்பக்கம் ஆணியால் ஒரு கோடு கீறி வைத்திருந்தான். முன்பெல்லாம் ஆயில் அந்தக் கோட்டுக்குக் கீழே இறங்கிக்கொண்டே வரும். புது ஆயில் விட்டு நிரப்புவான். இப்போது இறங்கவில்லை.

"அக்கா, வண்டி ஒரு சொட்டுக்கூடக் குடிக்க மாட்டேங்குது!" என்று ஒருநாள் ரொட்டியைக் கடித்துக்கொண்டே சொன்னான். "கோட்டுக்கு மேல நிக்குது ஆயில். நேத்தைவிட இன்னிக்கு ஜாஸ்தி."

பக்கத்து வீட்டு டிரைவர் ஸ்வெண்ட்சன் விறகு கடன் கேட்க வந்தவன், வாசலிலேயே நின்று கேட்டான்: "ஆயில் பெருகுதா? அது பைபிள்ல ஒரு விதவை வீட்லதான்யா நடந்துச்சு. உனக்கு எந்தத் தீர்க்கதரிசி வந்தான்?"

"பொறாமை, பொறாமை. உன் வண்டிதான் குடிகாரன் மாதிரி ஆயில் குடிக்குதே," என்றான் மலாக்கி.

"எதுக்கும் ஒருவாட்டி அந்த ஆயிலைத் தொட்டுப் பாரு," என்றுவிட்டு ஸ்வெண்ட்சன் போய்விட்டான். மலாக்கி அதைக் காதிலேயே வாங்கவில்லை. அன்றைக்கெல்லாம் விசிலடித்துக்கொண்டே திரிந்தான். அவனைச் சந்தோஷமாகப் பார்ப்பது எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, அதை மறைப்பானேன்.

டெலியாதான் நாளுக்கு நாள் மெலிந்தாள். முந்தின வருஷம் தெருக்கோடி வீட்டில் ஒரு டிரைவர், கதவைச் சாத்திக்கொண்டு இன்ஜினை ஓடவிட்டுச் சூடேற்றியிருக்கிறான். மாடியில் பெண்டாட்டி தூங்கிக்கொண்டிருந்தாள். அந்தப் புகையில் மூச்சடைத்துச் செத்த இரண்டு பேரையும் வெளியே தூக்கிவந்ததை டெலியா நேரில் பார்த்துவிட்டாள். அன்றிலிருந்து அவளுக்குத் தரைமேல்தான் கண். அவ்வளவு பெரிய வயிற்றை வைத்துக்கொண்டு மண்டிபோட்டு, பலகை இடுக்கில் மூக்கை வைத்து மோந்து பார்ப்பாள். மலாக்கி கீழே இன்ஜினைத் தொட்டாலே ஜன்னலைத் திறந்துவிடுவாள். குளிர்காற்று அடித்து ஊனா இருமுவாள். உடனே மூடுவாள். மறுபடி பயம் வந்து திறப்பாள்.

ஒரு மத்தியானம் நான் கேரட் சீவிக்கொண்டிருந்தபோது வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"எனக்குப் பயமா இருக்குக்கா."

"பிரசவம்னா பயந்தான். ஊனாவைப் பெத்தவதானே நீ?"

"அதில்ல. வீட்ல இருக்கவே பயமா இருக்கு. என்னமோ ஒரு வாடை. தலை வலிக்குது. எதைத் தின்னாலும் வாந்தி. அவர்கிட்ட சொன்னா, மாசமா இருக்கறவ மூக்கு அப்படித்தான்னு சொல்றாரு."

"கீழேருந்து வருதா?"

"கீழ மோந்து பாத்துட்டேன். இல்ல. ஆனா இருக்கு. வேற எங்கேருந்து வரும்? கீழேருந்துதான் வரணும்." என் கையைப் பிடித்துக்கொண்டாள். கை சில்லென்றிருந்தது. "அக்கா, ஒருநாள் காலையில நாங்க மூணு பேரும் எந்திரிக்கலைன்னா, நீங்கதானே முதல்ல மேல ஏறி வருவீங்க?"

"வாயைக் கழுவுடி!" என்று அதட்டினேன். அதட்டினேனே தவிர, அன்றிலிருந்து காலையில் எழுந்ததும் அவர்கள் ஜன்னலில் விளக்கு தெரிகிறதா என்று பார்த்தபிறகுதான் அடுப்பில் நெருப்பே போட்டேன்.

மிஸஸ் பெல்டனின் தங்கை மகள் க்ளாராவுக்குக் கல்யாணம் வந்தது. ஊருக்கு அந்தப் பக்கம் கோயில். சாதாரணமாக அந்த அம்மாள் போவதெல்லாம் பக்கத்தில்தான்: கோயிலுக்கு நாலு தெரு, தையல்காரி வீட்டுக்கு மூணு தெரு. வண்டி சூடேறுவதற்குள் நின்றுவிடும். அன்றைக்குத்தான் தூரப் பயணம். காலையில் ஏரிக்காற்று கண்ணைத் திறக்கவிடாமல் அடித்தது. டெலியாவுக்குக் கால் வீங்கியிருந்ததால் ஓட்ஸ் கஞ்சியைப் பானையோடு சுமந்துகொண்டு நானே மாடிக்குப் போனேன்.

கீழே மலாக்கி ரேடியேட்டரில் வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தான். "அக்கா, ஆயில் நல்லா காயட்டும்னு டப்பாவை அடுப்புமேலயே ஏத்தி வெச்சிருக்கேன். பொங்கப்போகுது, டெலியாவைப் பாத்துக்கச் சொல்லுங்க," என்றான்.

மேலே ஊனா அடுப்புக்கும் சுவருக்கும் நடுவே, சூடான மூலையில், தன் குட்டி முக்காலியில் உட்கார்ந்து ஸ்பூனால் தட்டைத் தட்டிக்கொண்டிருந்தாள். "வந்தாச்சு, வந்தாச்சு, கொஞ்சம் பொறு," என்று நான் பானையை மேஜைமேல் வைக்கப் போனேன். டெலியா நிலக்கரி போட அடுப்பின் கதவைத் திறந்தாள்.

புஸ்ஸென்று ஒரு சத்தம். பெரிய சத்தமில்லை. டப்பாவின் வாயில் நீலமாக ஒரு நெருப்பு நின்றது. மறு நொடி மஞ்சளாகி உத்தரத்தைத் தொட்டது. டப்பாவின் பக்கவாட்டில் வழிந்திருந்த ஆயிலோடு நெருப்பும் வழிந்து, அடுப்பின் ஓரமாக ஊனா பக்கம் இறங்கியது.

நான் அலறினேன். டெலியா அலறவில்லை. கீழேயிருந்து மலாக்கியின் குரல், "சூடாயிடுச்சா? எறக்கு, நேரமாச்சு!" என்றது. டப்பாவைத் தட்டிவிட்டால் தரையெல்லாம் நெருப்பு; தரைக்குக் கீழே அவன், அவனைச் சுற்றிப் பெட்ரோல். ஊனாவைத் தூக்க வேண்டுமானால் நெருப்பைத் தாண்டிக் கை நீட்ட வேண்டும். எனக்கு இதெல்லாம் பிறகு யோசித்துப் பார்த்தபோது புரிந்ததுதான்; அப்போது கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. டெலியா ரொட்டி சுடும் இரும்புச் சட்டியின் மூடியை இரண்டு கையாலும் தூக்கினாள். அது நான் தூக்கினாலே முதுகு பிடிக்கிற கனம். நெருப்புக்குள் கையை விட்டு மூடியை டப்பாவின் வாயில் கவிழ்த்தாள். கவிழ்த்துவிட்டுக் கையை எடுக்காமல் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். சட்டைக் கை புகைந்தது.

"கஞ்சி! அக்கா, கஞ்சியை ஊத்துங்க!"

அப்போதுதான் எனக்கு உயிர் வந்தது. பானையை அப்படியே அடுப்போரத்தில் வழியும் நெருப்பின்மேல் கவிழ்த்தேன். சுர்ரென்று ஆவி கிளம்பிக் கண் மறைத்தது. தெளிந்து பார்த்தால் நெருப்பு இல்லை. அடுப்பு, சுவர், தரை எல்லாம் கஞ்சி. ஊனா முக்காலியில் அதே இடத்தில் இருந்தாள். உதட்டைப் பிதுக்கிக்கொண்டு, "என் கஞ்சி," என்று அழ ஆரம்பித்தாள்.

டெலியா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளுடைய வலது கை உள்ளங்கையிலிருந்து மணிக்கட்டு வரை வெந்திருந்தது. நான் வெண்ணெய் தடவித் துணி சுற்றினேன்.  

மலாக்கி ஓடிவந்தான். கையைப் பார்த்தான், பிள்ளையைப் பார்த்தான், கரிபிடித்த உத்தரத்தைப் பார்த்தான்.

"ஆயில் இப்படி எரியாதே," என்றான். "ஆயில் இப்படிப் பத்தாதே."

மூடியை விலக்கி, ஒரு குச்சியை விட்டு எடுத்து, சொட்டிய ஆயிலை விரலில் தேய்த்தான். தண்ணீர் மாதிரி ஓடியது. மூக்கருகே கொண்டுபோனான். அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டான்.

"பெட்ரோல்."

"ஆயில் டப்பாவுல பெட்ரோல் எப்படிடா வரும்?"

"குளிர்ல கிளப்பறதுக்கு சோக்குக் கம்பியை இழுத்து இழுத்துக் கூடுதலா பெட்ரோல் விடறேன்ல. எரியாததெல்லாம் ஓரமா வழிஞ்சு அடிச்சட்டிக்குப் போயிடும். வண்டி நல்லா சூடாச்சுன்னா அது ஆவியாகிக் குழாய் வழியா வெளிய போயிடும். அதுக்குத்தான் அந்தக் குழாய்." எச்சிலை விழுங்கினான். "இது சூடாகறதுக்குள்ள நிறுத்திடறோம். போகறதுக்கு வழியையும் நான் அடைச்சுட்டேன். அப்ப ஆயில் பெருகல. பெட்ரோல் பெருகியிருக்கு. தினம் நான்தான் அதைக் கையில தூக்கிட்டு வந்து இங்க வெச்சேன்."

"இத்தனை நாளா நான் தரையை மோந்துக்கிட்டிருந்தேன்," என்றாள் டெலியா. "அடுப்புப் பக்கம் மோந்து பாக்கல."

மலாக்கி அழுதான். சத்தம்போட்டு அழுதான். டெலியா அவனைத் திட்டியிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவள் ஊனாவின் தலைமுடியிலிருந்து கஞ்சியை எடுத்துக்கொண்டிருந்தாள்.

பெரிய வீட்டில் மணி அடித்தது. அந்த அம்மாள் கிளம்பிவிட்டாள்.

"போய் உண்மையைச் சொல்லு," என்றேன். "வண்டி இன்னிக்கு ஓடாது, குழாயைத் திறந்துதான் வைக்கணும், வாடை வந்தா வரட்டும். பிள்ளை எரிஞ்சிருக்கும்னு சொல்லு. அவளும் பிள்ளை பெத்தவதானே."

காட்டினால் நம்புவாள் என்று மலாக்கி டப்பாவையும் மூடியோடு தூக்கிக்கொண்டு வந்தான். சமையலறைக்குள் அதைக் கொண்டுவராதே என்று பின்வாசல் படியிலேயே வைக்கச் சொன்னேன். அவன் உள்ளே போனான். நான் ஊனாவை இடுப்பில் வைத்துக்கொண்டு வரவேற்பறைக் கதவோரம் நின்றேன். டெலியா எனக்குப் பின்னால் நின்றாள். அவள் மூச்சு என் கழுத்தில் பட்டது.

மிஸஸ் பெல்டன் ஃபர் கோட்டும் தொப்பியுமாகக் கணப்புக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். மலாக்கி சொல்லச் சொல்ல, கையுறைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"வண்டிக்கு ஒண்ணும் ஆகலையே?"

"இல்லம்மா. வண்டி கீழ இருந்துச்சு."

"பிள்ளைக்கு?"

"ஒண்ணும் இல்லம்மா. என் வீட்டுக்காரிக்குத்தான் கை..."

"பாவம். டாக்டரை வரச் சொல்றேன்." உண்மையாகத்தான் சொன்னாள், கெட்டவள் என்று சொல்லிவிட முடியாது. "இப்ப நான் வாடகை வண்டியில போய்க்கறேன். சாயங்காலத்துக்குள்ள புது ஆயில் ஊத்தி வை. பழையபடி குழாயை அடைச்சுடு. விருந்துக்கு நாறிக்கிட்டுப் போக முடியாது."

"அடைச்சா மறுபடி பெட்ரோல் சேரும்மா."

"அப்ப ஆயிலைச் சூடு பண்ணாதே."

"இந்தக் குளிர்ல சூடு பண்ணலைன்னா இன்ஜின் போயிடும்மா."

"அப்ப சூடு பண்ணு. ஜாக்கிரதையா பண்ணு. ஒரு நெருப்பைப் பாத்துக்கத் தெரியாதா உங்களுக்கு? இதுவும் முடியாதுன்னா சொல்லிடு மலாக்கி, நான் வேற ஏற்பாடு பண்ணிக்கறேன்."

மலாக்கி வாயைத் திறந்தான். அவன் கண்ணில் அந்த நிலவறை தெரிந்தது எனக்கு.

"சரிங்கம்மா," என்றான்.

 கழுத்தில் பட்டுக்கொண்டிருந்த மூச்சு இல்லை. திரும்பினேன். டெலியா பின்வாசலிலிருந்து வந்துகொண்டிருந்தாள். துணி சுற்றிய கையால் அணைத்து, மறு கையால் அந்த டப்பாவைத் தூக்கியிருந்தாள். வலியில் உதட்டைக் கடித்திருந்தாள். என்னைத் தாண்டி, பூட்ஸில் ஒட்டிய பனியோடு, வரவேற்பறைக் கம்பளத்தின்மேல் நடந்துபோய், கணப்புக்கு எதிரே, விறகு எரிந்துகொண்டிருந்த இடத்துக்கு ஒரு முழம் தள்ளி டப்பாவை வைத்தாள். மூடியை எடுத்துத் தரையில் போட்டாள். பெட்ரோல் வாடை அறை முழுக்கக் கிளம்பியது.

"என்ன பண்றே?" என்றாள் மிஸஸ் பெல்டன்.

"எங்க வீட்டுக்காரர் சரின்னு சொல்லிட்டாரும்மா. இனிமே இங்கயே காயட்டும். நீங்க ஜாக்கிரதையா பாத்துக்குவீங்க."

சொல்லிவிட்டு, யாரும் உட்காரச் சொல்லாமலே பக்கத்திலிருந்த பட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். திமிரில் உட்காரவில்லை. அந்தக் கனத்தைத் தூக்கி வந்தவளுக்கு நிற்க முடியவில்லை. பயத்தில் அவள் முகம் வெளுத்திருந்தது. கண்ணை மட்டும் டப்பாவிலிருந்து எடுக்கவில்லை.

கணப்பில் ஒரு கட்டை வெடித்து ஒரு பொறி கல்மேல் விழுந்தது. மிஸஸ் பெல்டன் பின்னால் நகர்ந்தாள். சோபா தடுத்தது. அதைச் சுற்றிக்கொண்டு சுவர்வரை போனாள்.

"எடு! மலாக்கி, அதை எடு! எடுத்துட்டுப் போ!" குரல் சின்னப்பிள்ளைக் குரலாக இருந்தது.

மலாக்கி உடனே போனான். மூடியை எடுத்து மூடி, டப்பாவை இரண்டு கையாலும் தூக்கினான். இரண்டடி நடந்தான். அறைக்கு நடுவே நின்றுவிட்டான்.

"எங்க கொண்டுபோய் வைக்கட்டும்மா?" என்றான்.

குத்தலாகக் கேட்கவில்லை. காரில் ஏறியதும் எந்தத் தெருவுக்குப் போகட்டும் என்று கேட்பானே, அதே குரல்தான். அந்த அம்மாள் டப்பாவைப் பார்த்தாள், டெலியாவைப் பார்த்தாள், என் இடுப்பில் கஞ்சி ஒட்டிய தலையோடு இருந்த ஊனாவைப் பார்த்தாள்.  மலாக்கி டப்பாவை வைத்துக்கொண்டு அப்படியே நின்றான், பதில் வரட்டும் என்று.